டார்க்லிங்: இருட்டோடு ஒட்டிய ஒரு வால்

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் நைட்டிங்கேல் பறவையைப் பற்றி எழுதிய கவிதையில் ‘டார்க்லிங் ஐ லிஸன்’ என்று ஒரு வரி வருகிறது. ஒரு நோட்ஸில் அதற்கு ‘இருட்டில் இருந்தபடி கேட்கிறேன்’ என்று பொருள் போட்டிருக்கிறது, இன்னொன்றில் ‘இருண்டுவரும் வேளையில் கேட்கிறேன்’ என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ‘டக்லிங்’ வாத்துக்குஞ்சு என்றால் ‘டார்க்லிங்’ இருட்டுக்குஞ்சா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியைக் கிண்டலுக்குக் கேட்டிருக்கலாம், ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ‘டார்க்’ எல்லோருக்கும் தெரிந்த சொல். சிக்கல் முழுவதும் அந்த ‘லிங்’ என்ற வாலில். இந்தச் சொல் பெயரா, வினையா, வினைக்கு அடையா? அது தெரிந்துவிட்டால் பொருளில் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நான் கல்லூரியில் ஆங்கிலக் கவிதை நடத்தி ஓய்வு பெற்றவன். மொழியியல் என் துறை இல்லை. அதனால் கவிதை வரிகளைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் உரிமையோடு பேசுவேன், சொல்லின் வேரைப் பற்றி மொழியியலாளர்கள் சொன்னதைத்தான் சொல்வேன்.

முதலில் நேரடியான விடை. கீட்ஸின் வரிக்கு ‘இருட்டில்’ என்பதுதான் சரி. ‘இருண்டுவரும் வேளையில்’ என்பது அந்தக் கவிதைக்குள்ளேயே பொருந்தாது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது பொருளை யாரும் அந்தரத்திலிருந்து பிடித்துக்கொண்டு வரவில்லை. அது தவறான யூகத்தில் பிறந்து, பிறகு அகராதியிலும் இடம்பிடித்துவிட்ட பொருள். தாமஸ் ஹார்டியின் ‘தி டார்க்லிங் த்ரஷ்’ கவிதைக்கு வந்தால் அது கச்சிதமாகவே பொருந்துகிறது.

ஆங்கிலத்தில் ‘லிங்’ என்ற விகுதி இரண்டு உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், வேலை வேறு. ஒன்று பெயர்ச்சொல்லை உண்டாக்குவது. டக்லிங், ஹையர்லிங், அண்டர்லிங் எல்லாம் இந்த வகை. வாத்தின் குஞ்சு, கூலிக்கு வேலை செய்பவன், அடுத்தவருக்குக் கீழே கிடப்பவன். ‘டார்லிங்’கூட இதுதான். பழைய ஆங்கிலத்தில் ‘அன்புக்குரிய’ என்ற சொல்லோடு இந்த விகுதி சேர்ந்து உண்டானது. இந்த ‘லிங்’ இன்றும் உயிரோடு இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று வினையடை உண்டாக்கும் ‘லிங்’. ஒரு செயல் எந்த நிலையில், எந்தத் திசையில் நடக்கிறது என்று சொல்வது அதன் வேலை. தமிழில் குப்புற, மல்லாக்க, பக்கவாட்டில் என்று சொல்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அந்த வகைச் சொற்களைத்தான் அது உண்டாக்கியது. பழைய ஆங்கிலத்தில் ‘பின்பக்கமாக’ என்பதற்கு ‘பேக்’கோடு இந்த விகுதியைச் சேர்த்த சொல் இருந்தது. தலைகுப்புற என்பதற்கு ‘ஹெட்லிங்’, பக்கவாட்டில் என்பதற்கு ‘ஸைட்லிங்’, குப்புற என்பதற்கு ‘க்ரவ்லிங்’. அந்த வரிசையில், 15-ஆம் நூற்றாண்டு எழுத்தில் தென்படத் தொடங்கும் சொல்தான் ‘டார்க்லிங்’. நேர்ப்பொருள் ‘இருட்டில்’, ‘இருட்டில் இருக்கும் நிலையில்’. அவ்வளவுதான். குஞ்சும் இல்லை, இருண்டுகொண்டே வருவதும் இல்லை.

பிறகு என்ன ஆயிற்று என்றால், இந்த இரண்டாவது ‘லிங்’ பேச்சில் மெல்ல மெல்ல செத்துப்போயிற்று. புதிய சொற்களை அது உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த சொற்கள் மட்டும் மிஞ்சின, ஆனால் அவற்றின் வால் என்ன என்பது பேசுபவர்களுக்கே மறந்துவிட்டது. புரியாத வாலைக் கண்டால் மக்கள் சும்மா விடமாட்டார்கள், தெரிந்த வால் ஒன்றாக அதைப் படித்துக்கொள்வார்கள். ‘ஹெட்லிங்’கில் வந்தது ‘லாங்’தான் என்று நினைத்து அதை ‘ஹெட்லாங்’ ஆக்கினார்கள். நீளத்துக்கும் தலைகுப்புற விழுவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ‘ஸைட்லிங்’ ஒரு பக்கம் ‘ஸைட்லாங்’ ஆயிற்று. இன்னொரு பக்கம், இது ‘இங்’ விகுதி பெற்ற ஏதோ வினைபோல இருக்கிறதே என்று அந்த ‘இங்’கை வெட்டி எறிந்து பக்கவாட்டில் நகர்வதற்கு ‘ஸைடில்’ என்ற புது வினையை உண்டாக்கிக்கொண்டார்கள். ‘க்ரவ்லிங்’குக்கும் அதே கதி. முதலில் குப்புற என்ற வினையடை இருந்தது, ‘க்ரவல்’ என்ற வினை அதிலிருந்து பின்னால் வெட்டி எடுக்கப்பட்டது. இன்று காலில் விழுந்து கெஞ்சுவதற்குச் சொல்கிறோமே, அந்த ‘க்ரவல்’தான். இதுவரை சொன்னதெல்லாம் மொழியியலாளர்கள் ஒத்துக்கொண்ட, ஐயமில்லாத பகுதி.

ஐயமுள்ள பகுதி ‘டார்க்’ என்ற அடிச்சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அது ‘டியோர்க்’. அதற்கு மேலே போனால் பாதை மங்கிவிடுகிறது. ஜெர்மானிய மொழிகளில் இதற்கு நெருங்கிய உறவுச் சொற்கள் மிகக் குறைவு. பழைய ஜெர்மனில் ‘மறைத்தல்’ என்ற பொருளில் இருந்த ஒரு வினையோடு இதை இணைக்கிறார்கள். பொருந்துவதுபோலத்தான் இருக்கிறது, இருட்டு மறைக்கத்தானே செய்கிறது. ஆனால் பொருள் அழகாகப் பொருந்துவது மட்டுமே சொல்லுறவுக்குச் சான்று ஆகாது. எங்காவது ‘இருட்டும் மறைப்பும் ஒரே வேர்’ என்று அடித்துச் சொல்லியிருந்தால், ‘இருக்கலாம்’ என்று மனத்துக்குள் சேர்த்துப் படியுங்கள்.

சரி, கவிதைக்கு வருவோம். ஷேக்ஸ்பியரிடம் இந்தச் சொல் அதன் பழைய வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ‘கிங் லியர்’ முதல் அங்கத்தில் ராஜா தன் அதிகாரத்தை மகள்களிடம் கொடுத்துவிட்டு நிற்கும்போது கோமாளி ஒரு பாட்டுத்துண்டு சொல்கிறான். சிட்டுக்குருவி குயில்குஞ்சுக்கு ஊட்டி ஊட்டி வளர்த்தது, கடைசியில் குஞ்சு அதன் தலையையே கடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு, ‘அப்புறம் மெழுகுவர்த்தி அணைந்தது, நாங்கள் டார்க்லிங்காக விடப்பட்டோம்’ என்கிறான். விளக்கு அணைந்தாயிற்று, இருட்டில் நிற்கிறார்கள். இதில் மெல்ல இருண்டுவர இடமே இல்லை. ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் நள்ளிரவுக் காட்டில் ஹெலினா, தன்னை விட்டு ஓடும் டெமிட்ரியஸிடம் ‘என்னை டார்க்லிங்காக விட்டுவிட்டுப் போகிறாயா’ என்று கேட்கிறாள். அங்கேயும் இருட்டில் தனியே விடுவதுதான் பொருள். இரண்டிலும் அது கவிதைக்காகத் தேடிப் பிடித்த அலங்காரச் சொல்லாகத் தெரியவில்லை. ஒன்று கோமாளியின் வாயில் வருகிறது, மற்றது அழாத குறையாக நிற்கும் ஒரு பெண்ணின் வாயில்.

ஆனால் 1755-இல் வெளிவந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன் இதை வெறும் கவிதைச் சொல் என்று முத்திரை குத்திவிட்டார். அந்தப் பதிவில் அவர் சொல்லியிருக்கும் இன்னொரு விஷயம்தான் எனக்குப் பிடித்தது. இது ‘டார்கில்’ என்ற வினையிலிருந்து வந்த எச்சமாகத் தோன்றுகிறது, ஆனால் அந்த வினையை நான் எங்கும் கண்டதில்லை என்கிறார். மனிதர் நேர்மையானவர். யூகத்தையும் சொல்லி, அதற்குச் சான்று இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். அவர் காணாததற்குக் காரணம், அப்படி ஒரு வினை இருக்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அகராதிக்கு 6 ஆண்டுகள் முன்பு, 1749-இல், ‘தி வானிட்டி ஆஃப் ஹ்யூமன் விஷஸ்’ என்ற தன் கவிதையில், மனிதன் விதியின் வெள்ளத்தில் டார்க்லிங்காக உருண்டு போகத்தான் வேண்டுமா என்று ஜான்சன் எழுதியிருக்கிறார். எழுதும்போது கை சரியாக வினையடையாகப் போட்டது, இலக்கணம் சொல்லும்போதுதான் வேறு ஏதோ என்று தோன்றியிருக்கிறது.

வெறும் கவிதைச் சொல் என்று லண்டனில் எழுதிவைத்த பிறகும் ஸ்காட்லாந்தின் கிராமப் பேச்சு அதைக் கைவிடவில்லை. ராபர்ட் பர்ன்ஸின் ‘ஹாலோவீன்’ கவிதை 1786-இல் அச்சில் வந்தது. அதில் ஒரு பெண் தன் வருங்காலக் கணவன் யார் என்று அறிய, இரவில் யாருக்கும் தெரியாமல் தானியம் உலர்த்தும் சூளைக்குப் போய், நீல நூல் உருண்டையை உள்ளே எறிகிறாள். உள்ளே யாரோ நூலைப் பிடித்துக்கொள்வார்களாம், யார் என்று கேட்டால் பெயர் சொல்வார்களாம். அவள் கம்பங்களைத் தடவித் தடவிப் போவதை பர்ன்ஸ் ‘டார்க்லின்ஸ்’ என்று சொல்கிறார். அதே வால்தான், ஸ்காட்லாந்து உச்சரிப்பில்.

இப்போது உங்கள் கீட்ஸ். அவருக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ 1667-இல் வந்தது, மில்டன் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பார்வையை முழுவதும் இழந்தவர். மூன்றாவது காண்டத்தின் தொடக்கத்தில் அவர் ஒளியை அழைத்துப் பேசுகிறார், எல்லோருக்கும் வருகிறாய், என் கண்ணுக்கு மட்டும் திரும்பி வரவில்லை என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு, தன் கவிதை தானாகப் பிறப்பதை இரவில் விழித்திருக்கும் பறவைக்கு ஒப்பிடுகிறார். அடர்ந்த நிழலுக்குள் மறைந்தபடி அது ‘டார்க்லிங்’காகப் பாடுகிறது. கண் தெரியாத கவிஞன் எழுதிய வரியில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்று பாருங்கள். கீட்ஸ் இந்தக் காவியத்தை அடிக்கோடிட்டு, ஓரங்களில் குறிப்பு எழுதி வாசித்தவர். அவருடைய அந்தப் பிரதி இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

அவர் செய்த மாற்றம் சின்னது, ஆனால் கவிதையே அதில் திரும்புகிறது. மில்டனிடம் இருட்டில் இருப்பது பாடும் பறவை, கவிஞன்தான் அந்தப் பறவை. கீட்ஸிடம் பறவை எங்கோ பாடுகிறது, இருட்டில் இருப்பது கேட்பவன். சொல்லைப் பறவையிடமிருந்து எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டார். ஏன் ‘இருட்டில்’ மட்டும்தான் பொருந்தும் என்றேன், அதற்குச் சான்று கவிதைக்குள்ளேயே இருக்கிறது. நான்காவது பத்தியிலேயே இங்கே வெளிச்சம் இல்லை என்று சொல்லிவிடுகிறார். ஐந்தாவது முழுவதும் இருட்டைப் பற்றியது. காலடியில் என்ன பூ என்று தெரியவில்லை, வாசனையை வைத்து ஒவ்வொன்றாக ஊகிக்கிறார். அடுத்த பத்தியின் முதல் சொல்தான் ‘டார்க்லிங்’. அதே பத்தியில் சில வரிகள் தள்ளி நள்ளிரவு என்றே வருகிறது, நள்ளிரவில் வலியில்லாமல் ஓய்ந்துபோனால் நன்றாக இருக்கும் என்கிறார். நள்ளிரவுக்கு அப்புறம் எங்கே இருண்டுவருவது? எந்த நோட்ஸ் ‘இருண்டுவரும் வேளை’ என்கிறதோ, அதை எழுதியவர் அகராதியைப் பார்த்திருக்கிறார், அடுத்த ஆறு வரியைப் பார்க்கவில்லை.

அந்த அகராதிப் பொருள் எங்கிருந்து வந்தது? ஜான்சன் காணாத வினை பின்னால் பிறந்துவிட்டது. பைரனிடமே இதை இரண்டு பக்கமும் பார்க்கலாம். 1816-இல் அவர் எழுதிய ‘டார்க்னெஸ்’ கவிதையில் சூரியன் அணைந்துவிடுகிறது, நட்சத்திரங்கள் கதிரும் இல்லாமல் வழியும் இல்லாமல் ‘டார்க்லிங்’காக அலைகின்றன. இங்கே அது பழைய வினையடைதான். (அதற்கு முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்திருந்தது. அதன் விளைவாக ஐரோப்பாவில் 1816 கோடையே இல்லாத ஆண்டாகக் கழிந்தது. அந்த இருண்ட கோடையில் எழுதிய கவிதை இது.) அதே பைரன் 1823-இல் வெளியான ‘டான் ஹுவான்’ ஆறாவது காண்டத்தில், ஒருத்திக்குக் கோபம் ஏறும்போது அவள் கண் ‘ஸ்பார்கில்’ ஆவதாகவும் (மின்னுவதாகவும்) நெற்றி நரம்புகள் புடைத்து ‘டார்கில்’ ஆவதாகவும் (இருண்டுவருவதாகவும்) எதுகை கட்டுகிறார். ‘ஸ்பார்க்’ என்ற பெயருக்கு ‘ஸ்பார்கில்’ என்ற வினை உண்டு, ‘ஸ்பார்க்லிங்’ என்ற எச்சம் உண்டு. அப்படியானால் ‘டார்க்லிங்’ இருக்கும் இடத்தில் ‘டார்கில்’ ஏன் இருக்கக் கூடாது என்று காதே கேட்கும். ‘க்ரவல்’, ‘ஸைடில்’ இரண்டும் பிறந்த அதே வழியில் இதுவும் பிறந்தது. வினை வந்துவிட்டதும் ‘டார்க்லிங்’ அதன் நிகழ்கால எச்சம்போலத் தோன்றத் தொடங்கியது. ‘இருண்டுவரும்’ என்ற பொருள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இதற்குள் சொல் பெயருக்கு முன்னால் நின்று அடையாகவும் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. இதில் பலருக்கும் தெரிந்தது மேத்யூ ஆர்னால்டின் ‘டோவர் பீச்’, 1867-இல் அச்சானது. நாம் இங்கே ஒரு ‘டார்க்லிங் ப்ளேன்’மேல் நிற்பதுபோல் நிற்கிறோம், அறியாமையில் இருக்கும் படைகள் இரவில் மோதிக்கொள்கின்றன என்று முடிகிறது. இருண்டுவரும் சமவெளியா, இருட்டில் கிடக்கும் சமவெளியா? கவிதையின் முதல் வரியே இன்றிரவு கடல் அமைதியாக இருக்கிறது என்றுதான் தொடங்குகிறது, கடைசி வரியிலும் இரவு. ஆகவே இருட்டில் கிடக்கும் வெளிதான். இந்தப் படிமம் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதிய ஒரு போரிலிருந்து வந்தது என்று பொதுவாகக் கருதுகிறார்கள். கி.மு. 413-இல் சிசிலியில் எபிபோலே மேட்டில் ஏதென்ஸ் படை இரவில் போரிட்டது. நிலவு இருந்தது, உருவம் தெரிந்தது, நண்பனா எதிரியா என்பது தெரியவில்லை, தங்கள் ஆட்களையே வெட்டிக்கொண்டார்கள். ஆர்னால்டின் தந்தை துசிடிடிஸைப் பதிப்பித்தவர், ஆகவே மகனுக்கு அது வீட்டுக் கதை மாதிரி. டோவர் கவிதையிலும் நிலவு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பாதி தெரிந்தும் எதுவும் தெளியாத அந்த இருட்டுக்கு ‘டார்க் ப்ளேன்’ என்று போட்டிருந்தால் சப்பென்று இருந்திருக்கும்.

உங்கள் பாடத்திட்டத்தில் ஹார்டியும் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘தி டார்க்லிங் த்ரஷ்’ என்ற தலைப்பு அந்தக் கவிதையோடு பிறந்தது இல்லை. 1900 டிசம்பர் 29-இல் ‘தி கிராஃபிக்’ இதழில் வந்தபோது அதன் தலைப்பு ‘பை தி செஞ்சுரிஸ் டெத்பெட்’, நூற்றாண்டின் மரணப் படுக்கையருகே. கவிதையின் உடலைத் தேடிப் பாருங்கள், ‘டார்க்லிங்’ ஓரிடத்திலும் வராது. புத்தகத்தில் சேர்க்கும்போதுதான் அந்தச் சொல் தலைப்பில் ஏறுகிறது. கீட்ஸ் தன்மேல் போட்டுக்கொண்டதை ஹார்டி மறுபடி பறவையிடமே கொடுத்துவிட்டார் என்பது என் வாசிப்பு. ஆனால் இந்த முறை அது காவியப் பறவை இல்லை, கிழடுதட்டி மெலிந்த ஒரு த்ரஷ், சாதாரணப் பாட்டுப் பறவை. அவர் மில்டனையும் கீட்ஸையும் நினைத்துத்தான் செய்தார் என்பதற்குக் கடிதச் சான்று எதையும் நான் காட்டப்போவதில்லை, கவிதைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தோன்றுவதைச் சொல்கிறேன். பொருள் என்று வந்தால் இங்கே இரண்டும் பொருந்தும். பகலின் கண் மங்கிக்கொண்டிருக்கிறது, அந்திப் பாட்டு கேட்கிறது, இருள் வளர்கிறது. ‘இருண்டுவரும் வேளையின் த்ரஷ்’ என்று யாராவது மொழிபெயர்த்தால் நான் மதிப்பெண் குறைக்கமாட்டேன். அந்தக் காலத்தில் ‘டார்கில்’ என்ற வினை புழக்கத்தில் இருந்தது, ஹார்டியின் காதில் இரண்டும் ஒலித்திருக்க இடமுண்டு.

இன்றைய கற்பனைக் கதைகளிலும் கேம்களிலும் ‘டார்க்லிங்’ என்றால் இருட்டிலிருந்து வந்த ஒரு பிறவி. அங்கே அது முழுக்கப் பெயர்ச்சொல். உங்கள் இருட்டுக்குஞ்சு யூகம் அங்கேதான் பலிக்கிறது. பூமியில் வாழும் பிறவியைச் சொல்லும் ‘எர்த்லிங்’ போல ‘டார்க்லிங்’ என்று செத்த வாலை உயிருள்ள வாலாக மாற்றிப் படித்துவிட்டார்கள். ‘ஹெட்லாங்’கை ஏற்றுக்கொண்டவர்கள் இதை மட்டும் தவறு என்று சொல்ல முடியாது, கீட்ஸுக்குள் கொண்டுபோய் வைக்காதவரை.

உயிரியல் படித்த நண்பர்கள் ‘டார்க்லிங் பீட்டில்’ என்று ஒரு வண்டுக் குடும்பத்தைச் சொல்வார்கள். வெளிச்சத்தை விட்டு ஒதுங்கும் வண்டுகள் என்பதால் அந்தப் பெயர். நம் வீட்டு மாவிலும் ரவையிலும் ஓடும் சின்னச் செந்நிற வண்டு அந்தக் குடும்பம்தான். சல்லடையில் சலித்து எறியும்போது மில்டன் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

தேர்வுத்தாளுக்கு: கீட்ஸின் வரியை விளக்கச் சொன்னால் ‘இருட்டில் இருந்தபடி’ என்று எழுதுங்கள், அது வினையடை என்றும் ஐந்தாவது பத்தியின் இருளோடு தொடர்வது என்றும் சேருங்கள், மில்டனின் மூன்றாவது காண்டத்தை ஒரு வரி சொல்லுங்கள். அகராதியில் இரண்டு பொருளும் இருக்கிறதே என்று யாராவது மடக்கினால், இருக்கிறது, இந்தப் பத்தியில் நள்ளிரவும் இருக்கிறது என்று சொல்லலாம். சொல் பிடித்துப்போய் உங்கள் சொந்த ஆங்கிலக் கட்டுரையில் போட ஆசை வந்தால் மட்டும் கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். ‘டார்க்லிங் ரூம்’ என்று மாணவர்கள் எழுதிப் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு அறையும் தெரியாது, இருட்டும் தெரியாது, எழுதியவர் கீட்ஸ் படித்திருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும்.